ஐந்நூறு மடங்கு காட்டும் குழாய்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் கையெழுத்தையும் எழுத்துப்பிழைகளையும் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரைதான். அதற்குப் பிறகு இந்தக் கை எழுதியதெல்லாம் பொட்டலங்களின் மேல்தான். 'து.ப.', 'உ.ப.', 'மி.தூள்' என்று பாதிப் பாதியாகவே எழுதிப் பழகிவிட்டது. முழு வார்த்தை எழுதச் சொன்னால் நடுவில் நின்று யோசிக்கிறது. எங்கே சின்ன 'ர', எங்கே பெரிய 'ற' என்பது இன்றுவரை குழப்பம். எங்கள் கடைக்கு வருகிற டீச்சரம்மா திருத்திக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்.

எழுதச் சொன்னதும் அவர்தான். வானம் பார்க்கிற பழக்கம் உள்ளவர்கள் சிலர் சேர்ந்து ஒரு சிறிய பத்திரிகை போடுகிறார்களாம். கையில் அதிகம் காசு இல்லாதவர்கள் முதல் டெலஸ்கோப்பை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று அவரவர் அனுபவத்தை எழுதித் தர வேண்டுமாம். "உங்களுது ஒண்ணு கண்டிப்பா வேணும் அண்ணாச்சி" என்றார். நான் விழுப்புரம் பக்கத்து ஆள். மளிகைக் கடையில் நிற்பதால் அவருக்கு நான் அண்ணாச்சி. நான்கு மாதமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். நேற்றுச் சாயங்காலத்துக்குப் பிறகு இனி எழுதிவிட வேண்டும் என்று தோன்றிவிட்டது.

தில்லி ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் நம் ஊர்ச் சாமான் விற்கிற கடை ஒன்றில் இருபத்து மூன்று வருடமாக வேலை செய்கிறேன். எடை போடுவது, பொட்டலம் கட்டுவது, சாமானை வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது. வாடிக்கையாளரிடம் பேசுவது முதலாளியின் வேலை. எனக்குப் பேச்சு வராது. யாராவது ஒரு கேள்வி கேட்டால் புரிந்தாலும் புரியாவிட்டாலும் தலையை ஆட்டிவிடுவேன். அந்தத் தலையாட்டல்தான் இந்தக் கதை என்றுகூடச் சொல்லலாம்.

கோட்லாவில் நான்காவது மாடியில், மொட்டை மாடியோடு சேர்ந்த ஒற்றை அறையில் நானும் என் மனைவியும் இருக்கிறோம். மகள் கல்யாணமாகிப் போய்விட்டாள். அவளுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. அதனால் இதைத் தைரியமாக எழுதுகிறேன்.

என் மனைவிக்கு ஒரு பழக்கம். மாதா மாதம் மூன்றாம் பிறை பார்க்காமல் இருக்க மாட்டாள். அமாவாசை கழிந்த மூன்றாம் நாள், சூரியன் இறங்கினதும் மாடியில் மேற்கே பார்த்து நிற்பாள். கீற்று கண்ணில் பட்டதும் தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். அப்புறம் வேறு எதையும் பார்க்காமல், பிறை பார்த்த கண்ணோடு நேராக என் முகத்தைப் பார்ப்பாள். அவள் அம்மா வீட்டு வழக்கம். அதற்காகவே அன்று முதலாளியிடம் சொல்லிக்கொண்டு சீக்கிரம் வந்துவிடுவேன். முதலாளி சிரிப்பார். "போடா போடா, உன் மூஞ்சிய பாக்க ஒரு ஆள் இருக்கே, அதிசயம்தான்."

மூன்று வருடத்துக்கு முன்னால் அவளுக்குப் பிறை அகப்படாமல் போக ஆரம்பித்தது.

"எங்கங்க? காணமே."

"அதோ, அந்தக் கறுப்புத் தண்ணித் தொட்டிக்கு மேல."

"தொட்டியே தெரியலையே."

"நேராப் பாரு. ஜல்தி பாரு, எறங்கிடும்."

அவள் தலையை இப்படியும் அப்படியும் திருப்புவாள். அதற்குள் பிறை எதிர்வீட்டுச் சுவருக்குப் பின்னால் போய்விடும். "அடுத்த மாசம் பாத்துக்கலாம்" என்று இறங்குவாள். இறங்கும்போது வாசலில் இருக்கும் வாளியில் இடித்துக்கொள்வாள். நான் திட்டுவேன். அப்போதெல்லாம் நிறையத் திட்டினேன். கதவில் இடிப்பாள், பக்கத்தில் வைத்த டம்ளரைத் தட்டிவிடுவாள். "கண்ணை எங்க வெச்சிக்கினு நடக்கற?" என்பேன். சமையல் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த வீட்டிலும் கொதிக்கிற சாம்பாரைக் கொட்டிவிட்டாள் என்று நிறுத்திவிட்டார்கள்.

கண் ஆஸ்பத்திரிக்கு அதற்கு முன்பே ஒரு தடவை கூட்டிப்போயிருந்தேன். கண்ணில் எரிச்சல், தலைவலி என்று சொன்னாள். பெரிய வரிசை. டாக்டர் ஒரு எந்திரத்தில் பார்த்துவிட்டு, இந்தியும் இங்கிலீஷுமாக வேகமாகச் சொன்னார். சொட்டு மருந்து எழுதினார். "சமஜ் கயே?", புரிந்ததா என்று என்னைப் பார்த்துக் கேட்டார். பின்னால் அத்தனை பேர் நிற்கிறார்கள். "ஜி" என்று தலையாட்டினேன். கண் பலவீனமாகிறது என்பது மட்டும் புரிந்தது. மருந்தை இரண்டு மாதம் விட்டோம். எரிச்சல் நின்றது. மருந்தையும் நிறுத்திவிட்டோம்.

கண் பலவீனம் என்றால் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: தூரத்தில் இருப்பது சின்னதாக, மங்கலாகத் தெரியும். அப்படியென்றால் பெரிதாக்கிக் காட்டினால் தெரிந்துவிடும் அல்லவா? பிறையைப் பெரிதாக்கிக் காட்ட ஒரு டெலஸ்கோப் வாங்க வேண்டும் என்று நினைத்தது அப்படித்தான். அவளிடம் சொல்லவில்லை. அவள் ஒருநாள், "இனிமே எனக்குப் பிறை கிடையாது போலங்க" என்று, உப்புத் தீர்ந்துவிட்டது என்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள். அது என்னைத் தூங்கவிடவில்லை.

டீச்சரம்மா எங்கள் வாடிக்கை. லக்ஷ்மிபாய் நகர்ப் பக்கம் பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் எடுக்கிறார். சனிக்கிரகத்துக்கு வளையம் இருக்கிறது என்றும், அதைத் தன் வீட்டு மாடியிலிருந்தே டெலஸ்கோப்பில் பார்த்ததாகவும் ஒருமுறை முதலாளியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அன்றைக்குப் புளி கட்டிக்கொண்டிருந்த எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, கேட்டுவிட்டேன்.

"டீச்சரம்மா, அந்தக் குழாய்... கம்மி வெலையில நல்லதா ஒண்ணு வாங்கணும்னா..."

கடை முழுவதும் திரும்பிப் பார்த்தது. டீச்சரம்மாவுக்கு ஒரே சந்தோஷம். "அட! வானத்தைப் பாக்கவா அண்ணாச்சி, எதிர்மாடியைப் பாக்கவா?"

முதலாளி விழுந்து விழுந்து சிரித்தார். "இவனா? தராசு முள்ளையே ரெண்டு தரம் பாக்குற ஆளு!"

என் காது இரண்டும் சூடாகிவிட்டன. டீச்சரம்மா அதைக் கவனித்தாரோ என்னவோ, குரலைத் தாழ்த்திக்கொண்டு நிதானமாகச் சொன்னார். "பெட்டி மேல எத்தனை மடங்குன்னு போட்டிருக்கும், அதை நம்பவே நம்பாதீங்க. அது பெட்டி பேசுற பேச்சு. முன்பக்கத்து வாய் எவ்வளவு அகலம்னு மட்டும் பாருங்க. அகலமா இருந்தாத்தான் வெளிச்சம் உள்ள வரும். அப்புறம் ஸ்டாண்டை லேசா ஒரு தட்டு தட்டுங்க. தட்டுனா ரொம்ப நேரம் ஆடிச்சுன்னா வாங்காதீங்க. அதெல்லாம் இருக்கட்டும். சனிக்கிழமை சாயங்காலம் அக்காவைக் கூட்டிட்டு எங்க மாடிக்கு வாங்க. என்னோடதுல பாருங்க. பாத்துட்டு அப்புறம் வாங்குங்க. வாங்குறது யாருக்கு?"

யாருக்கு என்று கேட்டார். என் மனைவிக்குக் கண் போகிறது, பிறை பார்க்க வேண்டும் என்கிறாள் என்று சொல்லியிருக்க வேண்டும். கடையில் நான்கு பேர் நின்றார்கள். "சும்மாதாங்க" என்றேன்.

சனிக்கிழமை போனேன். தனியாகத்தான். அவர் குவார்ட்டர்ஸ் கேட் வரைக்கும் போய், அங்கே நிற்கிற வண்டிகளைப் பார்த்து, மாடியிலிருந்து வந்த பேச்சுச் சத்தத்தைக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்தேன். சாமான் பை கையில் இருந்தால் எந்த வீட்டுக்குள்ளும் போய்விடுவேன். வெறுங்கையோடு போக எனக்குத் தெரியாது.

அடுத்த திங்கட்கிழமை மார்க்கெட் விடுமுறை. கரோல் பாக்கில் அன்றும் திறந்திருந்த, கேமராவும் பைனாகுலரும் விற்கிற ஒரு சின்னக் கடைக்குப் போனேன். என்னிடம் இருந்தது ஒரு மாதச் சம்பளம். அதற்குள் இரண்டு குழாய்கள் இருந்தன. ஒன்று குட்டையாகத் தடியாக, ஒரு சின்ன டிரம் மாதிரி, மேஜை மேல் வைத்துப் பார்ப்பது. உள்ளே அடியில் ஒரு கண்ணாடி. அதன் மேல் தூசி படிந்திருந்தது. இன்னொன்று நீளமாக, ஒல்லியாக, பளபளவென்று மூன்று கால் ஸ்டாண்டில் நின்றது.

"கிஸ்கே லியே, பாயி சாப்? பச்சே கே லியே?" என்றார் கடைக்காரர். குழந்தைக்கா என்று கேட்கிறார்.

தலையாட்டினேன்.

"தோ யே லீஜியே. பாஞ்ச் சௌ குணா!" ஐந்நூறு மடங்கு. பெட்டியிலும் பெரிய எழுத்தில் போட்டிருந்தது. தடிக் குழாய் எத்தனை மடங்கு என்று விரலால் காட்டிக் கேட்டேன். எழுபது, எண்பது என்று உதட்டைப் பிதுக்கினார்.

டீச்சரம்மா சொன்னது அத்தனையும் ஞாபகம் இருந்தது. தடிக் குழாயின் வாய் இரண்டு மடங்கு அகலம் என்பதும் கண்ணுக்குத் தெரிந்தது. ஒல்லிக் குழாயின் ஸ்டாண்டைத் தட்டியும் பார்த்தேன். மனசுக்குள் ஆறு எண்ணும் வரை ஆடிக்கொண்டே இருந்தது. இருந்தாலும் நான் இப்படி நினைத்தேன்: டீச்சரம்மா சொன்னது நல்ல கண் உள்ளவர்களுக்கு. பலவீனமான கண்ணுக்கு எண்பது போதுமா, ஐந்நூறு வேண்டாமா? இருபத்து மூன்று வருடம் எடை போட்டவன் நான். எண் பெரிதாக இருக்கிற பக்கம்தான் கை போனது.

வீட்டுக்குக் கொண்டுவந்து பிரித்தபோது அவள் பெட்டியைத் தடவிப் பார்த்தாள். "இன்னாங்க இது, பீரங்கி மாதிரி?" விஷயத்தைச் சொன்னேன். "எனக்கா?" என்றாள். அப்புறம், "பைத்தியம்" என்றாள். அன்று ராத்திரி பாயாசம் வைத்தாள்.

வாங்கப் போகிறவர்களுக்குப் பிரயோஜனமாக இருக்கும் என்று டீச்சரம்மா சொன்னதால் இதை எழுதுகிறேன். ஐந்நூறு மடங்கு என்பது பொய் இல்லை, ஆனால் உண்மையும் இல்லை. அதற்கான சின்ன ஐபீஸை, அதாவது கண் வைத்துப் பார்க்கிற துண்டை மாட்டினால், தெரிவது ஒரு மங்கலான சாம்பல் நிறம். நிலாவே உள்ளே வராது. வந்தாலும், மூச்சு விட்டால் வெளியே போய்விடும். ஒரு மாதம் நான் தினமும் கடைக்குப் போகும் முன் பழகினேன். தூரத்து டவரையும், கம்பியில் மாட்டிக்கொண்ட ஒரு பட்டத்தையும் குறிவைப்பேன். கடைசியில் இருக்கிறதிலேயே குறைந்த மடங்கு காட்டும் ஐபீஸ்தான் உதவியது. ஸ்டாண்டின் நடுவில் ஒரு மணல் பையைக் கட்டித் தொங்கவிட்ட பிறகு ஆட்டமும் குறைந்தது. வெல்லம் வந்த சாக்குத்துணியில் தைத்த பை அது.

புரட்டாசி மாதம், நவராத்திரியின் மூன்றாம் நாள். மழை கழுவிவிட்ட வானம், தில்லிக்கு அபூர்வமான சுத்தம். ராம்லீலா மைதானத்திலிருந்து ஒலிபெருக்கிச் சத்தம் வந்துகொண்டிருந்தது. சூரியன் முழுதாக இறங்கும் வரை மூடியைத் திறக்கவில்லை. சூரியன் பக்கம் திருப்பினால் இருக்கிற கண்ணும் போய்விடும். பிறை இரண்டு கட்டடங்களுக்கு நடுவில், மெலிதாக, நகம் வெட்டிப் போட்டது போல நின்றது. குழாயில் அதைப் பிடித்து வைத்துவிட்டு அவளைக் கூப்பிட்டேன். அவள் புதுப்புடவை கட்டியிருந்தாள்.

அவள் தலையைப் பிடித்துக் கண்ணை ஐபீஸுக்கு நேராக வைத்தேன்.

"தெரியுதா?"

"இருட்டா இருக்கு... இருங்க... ஆ!"

அந்தச் சத்தத்தை நான் மறக்க மாட்டேன்.

"எவ்வளோ பெருசுங்க! ஓரத்துல குழிகுழியா... இட்லி மாதிரி இருக்கு." சிரித்தாள். கை தாலிக்குப் போனது. பிறகு நின்றது. "ஆனா ஏங்க இது திரும்பி இருக்கு? வெளிச்சம் எடது பக்கம் இருக்கே. தேய்பிறை மாதிரி."

எனக்குத் திக்கென்றது. உண்மைதான். குனியாமல் பார்க்க வசதியாக முனையில் முழங்கை போல ஒரு கண்ணாடித் துண்டு வைத்திருக்கிறார்கள். அது இடத்தை வலமாக்கிவிடும். பட்டத்தைப் பார்த்தபோதே தெரியும். பட்டம் எந்தப் பக்கம் இருந்தால் என்ன என்று விட்டுவிட்டேன். மூன்றாம் பிறையைத் தேய்பிறையாக ஒரு சுமங்கலிக்குக் காட்டுகிறேன் என்று யோசிக்கவே இல்லை.

"அது கண்ணாடி பண்ற வேலைம்மா. நெஜத்துல வலது பக்கம்தான்" என்றேன். அழாத குறை.

"பரவால்லைங்க. நான் மனசுல திருப்பிக்கறேன்" என்றாள். கண்ணை எடுக்காமலே கேட்டாள்: "நீங்க பாக்கும்போதும் இப்படித்தான் இருக்குதா? சுத்தி எல்லாம் கறுப்பு, நடுவுல மட்டும் ஒரு வட்டம்?"

"ஆமா. குழாய்ல அப்படித்தான் தெரியும்."

"எனக்குக் குழாய் இல்லாமயே இப்படித்தாங்க தெரியுது."

எனக்கு உடனே புரியவில்லை.

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். வழக்கம்போல என் முகத்தைப் பார்க்கத் திரும்பினாள். "இப்போ உங்க மூஞ்சி தெரியுது. உங்க தோள் தெரியல, கை தெரியல. தலையைத் திருப்பினா கை வரும், அப்போ மூஞ்சி போயிடும். ரொம்ப நாளாவே இப்படித்தான். வயசானா எல்லாருக்கும் இப்படித்தான்னு இருந்துட்டேன். நீங்க கூட அப்படித்தான் பாக்கறீங்கன்னு நெனைச்சேன்."

ஒலிபெருக்கியில் யாரோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் குழாயில் கண்ணை வைத்தேன். பிறை நகர்ந்துபோயிருந்தது. வெறும் வட்டம். அதைச் சுற்றி இருட்டு. வாளி இல்லை, கதவு இல்லை, டம்ளர் இல்லை. அவ்வளவு நாளும் நான் திட்டியது எல்லாம் அந்த இருட்டில் இருந்தது.

மறுநாள் கடைக்குப் போகாமல் ஆஸ்பத்திரிக்குப் போனோம். இந்தத் தடவை நான் தலையாட்டவில்லை. புரியவில்லை என்று சொன்னேன். மூன்று தடவை சொன்னேன். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். இது வேறு டாக்டர், ஒரு பெண். பொறுமையாக ஒரு தாளில் வட்டம் வரைந்து, ஓரத்திலிருந்து பேனாவால் கறுப்பாக்கிக்கொண்டே வந்து காட்டினார். கண்ணுக்குள் அழுத்தம். ஓரத்திலிருந்து உள்ளே வரும். போன பார்வை திரும்பாது. இருப்பதைக் காப்பாற்ற, உயிர் உள்ளவரை தினமும் மருந்து விட வேண்டும். "ஏன் நிறுத்தினீர்கள்?" என்றார். என் மனைவி எனக்காகச் சொன்னாள்: "நான்தாங்க மறந்துட்டேன்." தன் இந்தியில் டாக்டரிடமும் அதையே சொன்னாள். அவள் மறக்கவில்லை. எரிச்சல் போச்சு, இனி எதுக்குக் காசு என்று சொன்னவன் நான்.

டீச்சரம்மாவிடம் ஒருநாள் எல்லாவற்றையும் சொன்னேன். கடையில் வேறு யாரும் இல்லை. அவர் கையில் இருந்த அப்பளக்கட்டைக் கீழே வைத்துவிட்டார். "யாருக்குன்னு நீங்க சொல்லவே இல்லையே அண்ணாச்சி. சொல்லியிருந்தா அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குத்தானே போகச் சொல்லியிருப்பேன்." கோபமாகத்தான் ஆரம்பித்தார். முடிக்கும்போது கோபம் இல்லை. நான் அவருக்குக் கட்டிவைத்த துவரம்பருப்பை அவிழ்த்து மறுபடியும் எடை போட்டேன்.

அதன் பிறகு குழாயை நாங்கள் அதிகம் எடுக்கவில்லை. தேவை இல்லாமல் போய்விட்டது. குழாயைக் குறிவைக்க நான் ஒரு மாதம் பழகினேன் அல்லவா? அதே மாதிரி அவள் தலையைக் குறிவைக்கக் கற்றுக்கொண்டேன். பின்னால் நின்று, இரண்டு கையாலும் அவள் கன்னத்தைப் பிடித்து, என் தாடையை அவள் உச்சியில் வைத்து, மெதுவாகத் திருப்புவேன். கொஞ்சம் இடது. கொஞ்சம் மேலே. பிறை அவள் வட்டத்துக்குள் வந்ததும் அவள் உடம்பு ஒரு சின்ன அசைவு அசையும். "வந்துச்சு" என்பாள். கண்ணாடி எதுவும் நடுவில் இல்லாததால் பிறை சரியான பக்கம் இருந்தது. இரண்டு வருடம் இப்படிப் பார்த்தோம். மருந்து ஒருநாள்கூட விடாமல் போட்டோம். ஆனாலும் வட்டம் சிறுத்துக்கொண்டே வந்தது. முதலில் ஒரு தட்டு அளவு என்றாள். பிறகு வளையல் அளவு. இந்த வருட ஆடியில், ஒரு ரூபாய்க் காசு என்றாள். அதற்குப் பிறகு நான் அளவு கேட்பதில்லை.

நேற்று மூன்றாம் பிறை. காற்று கெட்டுக் கிடக்கிறது. பத்து நாளாக எதிர்மாடியே புகையில் பாதிதான் தெரிகிறது. வேண்டாம் என்றேன். அவள் ஏற்கனவே முகம் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டு நின்றாள். மாடிக்குப் போனோம். வழக்கம்போல் கன்னத்தைப் பிடித்தேன். மேற்கே சாம்பல் நிறம் தவிர ஒன்றுமில்லை. தண்ணீர்த் தொட்டிக்கு மேலே தேடினேன். இரண்டு கட்டடத்துக்கு நடுவே தேடினேன். என் கண் நல்ல கண். எனக்கே பிறை அகப்படவில்லை. என் கைகள் அவள் முகத்தைச் சும்மா அங்கும் இங்கும் திருப்பிக்கொண்டிருந்தன.

அப்போது அவள் உடம்பு அந்தச் சின்ன அசைவு அசைந்தது.

"வந்துச்சுங்க" என்றாள்.

நான் கையை எடுக்கவில்லை.

"அழகா இருக்கு. மெலிசா." தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. ஆமாம் என்று தலையாட்டினேன். என் தாடை அவள் தலைமேல் இருந்ததால் அது அவளுக்குத் தெரிந்திருக்கும். பிறகு அவள் பிறை பார்த்த கண்ணோடு என் முகத்தைப் பார்க்கத் திரும்பினாள். அவள் பார்வை என் காதைத் தாண்டி, சுவரில் போய் நின்றது. சிரித்த முகத்தோடு அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் சத்தம் வராமல் ஒரு அடி நகர்ந்து, அவள் பார்க்கிற இடத்தில் என் முகத்தை வைத்தேன்.

கார்த்திகை 7, ஞாயிற்றுக்கிழமை.